முப்பிடாதிக்குப் பின்னால் வந்த தண்ணீர்

மேற்கே மலைக்காட்டில் இருக்கிற தடுப்பணையில் புறப்பட்டு, மலையின் இடுப்பைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து, வழியில் நாலு ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு செம்பாறை அணையில் விழுகிற துரைக்கால் என்னும் வரத்துக்காலில், தண்ணீர் தானாக ஓடுவதை விட்டுவிட்டு முப்பிடாதி என்கிற பெண்பிள்ளையின் பின்னால் மட்டும்தான் நடந்து வரும் என்று ஆகி ஒன்பது வருஷம் ஆயிற்று. இதில் சந்தேகம் உள்ளவர்கள் நேரிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பஸ் இருக்கிறது, அது எப்போது வரும் என்பதைத்தான் யாரும் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் அவள் புருஷன் சுடலையாண்டி இருபத்தேழு வருஷம் அந்தக் காலுக்கு லஸ்கராக இருந்தான். லஸ்கர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் தடுப்பணையில் ஷட்டரைத் தூக்குவார்கள், வருகிற முதல் தண்ணீருக்கு முன்னால் கையில் அரிவாளும் கம்புமாக அவன் நடப்பான், சருகு அடைத்த இடத்தில் சருகைத் தள்ளி, கொப்பு முறிந்து கிடக்கிற இடத்தில் கொப்பை வெட்டி, யானை கரையை மிதித்து உடைத்த இடத்தில் கல்லை எடுத்து வைத்து, தண்ணீரை அணைவரைக்கும் கொண்டுவந்து விடுவான். எந்தக் காலத்திலோ குதிரையேறி வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தக் காலை வெட்டினான் என்று கல்லில் எழுதியிருக்கிறது. துரை ஒருவரே வெட்டியிருப்பார் போல, வேறு யார் பேரும் அந்தக் கல்லில் இல்லை.

சுடலையாண்டி செத்த வருஷம் ஷட்டரைத் தூக்கினார்கள், தண்ணீர் காலுக்குள் இறங்கியது, இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் சரிவு இருக்கிறது, அடைப்பு ஒன்றும் இல்லை, பின்னால் இருந்து தண்ணீர் வந்து தள்ளுகிறது, ஆனாலும் அது ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. உதவிப் பொறியாளர் கதிரேசன் மட்டக்கருவியோடு வந்து பதினோரு கிலோமீட்டரும் அளந்து பார்த்து, சரிவு சரியாக இருக்கிறது, தண்ணீர்தான் சரியாக இல்லை என்று மேலே எழுதிப்போட்டார். மேலிருந்து, சரிவு சரியாக இருப்பதால் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதாகவே கருதப்படுகிறது என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துவிட்டு எல்லாரும் காய்ந்த அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் முப்பிடாதிக்குக் கருணை அடிப்படையில் வேலை வந்தது. கருணை சாதாரணமாக ஏழெட்டு வருஷம் எடுத்துக்கொள்ளும், ஆனால் யானைக்கும் அட்டைக்கும் நடுவில் நடக்க வேறு ஒரு மனுஷனும் முன்வராததால் இந்தக் கருணை மூன்றே வாரத்தில் ஓடி வந்துவிட்டது. அவள் முதல் நாள் போனாள், புருஷனுடைய கம்பை எடுத்துக்கொண்டு காலுக்குள் இறங்கி இடத்தைப் பார்ப்போம் என்று நாலு எட்டு நடந்தாள். குதிகாலில் சில்லென்று பட்டது. திரும்பிப் பார்த்தால் தண்ணீர் வந்து நிற்கிறது. இன்னும் நாலு எட்டு வைத்தாள், அதுவும் வந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. சரிதான் வா என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்படியே பழகிவிட்டது. அவள் வெற்றிலை போட உட்கார்ந்தால் தண்ணீரும் உட்காரும். ஒதுங்கப் போகவேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இரு என்று சொல்லிவிட்டுத்தான் புதருக்குள் போவாள், அதுவும் சமர்த்தாக இருக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் ஒற்றை யானை குறுக்கே வந்தால் அவள் நீர்மருத மரத்துக்குப் பின்னால் ஒளிவாள், தண்ணீர் அவளுக்குப் பின்னால் ஒளியும். இப்படி ஒரு தடவை வழி காட்டிவிட்டால் போதும், அந்தப் பருவம் முழுக்க அவள் நடந்த வழியிலேயே, அவள் நின்ற இடம் வரைக்கும், மீதித் தண்ணீர் தானாக வந்துகொண்டிருக்கும். அடுத்த ஆனிக்கு மறுபடியும் அவள் வரவேண்டும்.

ஊர் இதற்காக மலைத்துப்போய் உட்கார்ந்துவிடவில்லை, ஊருக்கு வேறு வேலை இருந்தது. பாசன சங்கம் கூடி, முப்பிடாதி இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆனி மாசம் அவள் சொந்தத்தில் கல்யாணம் காதுகுத்து எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுக்குத் தும்மல் வந்தால் கஷாயத்தோடு ஆள் வந்தது, ஆடி பிறந்ததும் அந்த ஆட்களுக்கு அவள் முகம் மறந்துபோனது. முதல் மடைக்காரரும் சங்கத் தலைவருமான சங்கரபாண்டியன், ஒரு பொம்பளை கூட்டிவர்ற தண்ணி நான் கூட்டிவந்தா வராதா என்று சுடலையாண்டியின் பழைய துண்டைக் கேட்டு வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு, முப்பிடாதியின் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் திரும்பிப் பாராமல் நடந்தார். திரும்பிப் பார்த்தபோது பின்னால் காய்ந்த காலும் அவர் காலடியும்தான் இருந்தன. செருப்பைத் திருப்பித் தரவே இல்லை, கோபம்.

இவ்வளவு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்த முப்பிடாதியின் ஊர் கீழப்பொத்தை. அது கடைமடை. அணையிலிருந்து கீழே போகிற கால்வாயில் மொத்தம் பதினோரு மடை, தண்ணீர் ஏழாம் மடையோடு தீர்ந்துபோகும், எட்டிலிருந்து கீழே இருக்கிறவர்கள் கால்வாயில் கிரிக்கெட் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு மழைக்கு மானம் பார்த்து விதைக்கவேண்டியதுதான். சுடலையாண்டி இருபத்தேழு வருஷம் தண்ணீருக்கு முன்னால் நடந்தவன், அவன் வயலில் ஒரு தடவைகூடக் கால்வாய்த் தண்ணீர் ஏறினதில்லை. சாகிறபோது, எம் பின்னால வந்த தண்ணி எவன் வீட்டுக்குப் போச்சோ என்று சொல்லிச் சிரித்தான், அந்தச் சிரிப்பு முப்பிடாதிக்கு ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்து குத்தியது. ஆனால் அவள் எல்லை அணைக்கரையில் பூஜ்யம் என்று எழுதின கல்லோடு முடிந்துபோகும். அதற்குக் கீழே வேறு பிரிவு, வேறு பொறியாளர், வேறு லஸ்கர். அவள் வருஷா வருஷம் அந்தக் கல்லில் போய் உட்காருவாள், தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு அணைக்குள் இறங்கும், அவள் பஸ்ஸுக்கு நிற்பாள்.

இந்த வருஷம் சாரல் தாமதம். கீழப்பொத்தையில் அவள் நாத்தனார் மாடத்தி, ஒரு கிணற்றில் ஊறின கடைசித் தண்ணீரை இறைத்து ஊருக்கே நாற்று வளர்த்து வைத்திருந்தாள். முப்பிடாதியின் அரை ஏக்கரும் சேர்த்து இருபது வீட்டுக்காரர்களுக்கு அந்த நாற்றுதான். கிணறு வற்றிவிட்டது. நாற்றுக்கு நாற்பது நாள் ஆகிவிட்டது, பிடுங்கி நடுகிற பதம் தாண்டிக்கொண்டிருந்தது.

மலையில் தண்ணீர் வந்ததும் கதிரேசன் முப்பிடாதியைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை சும்மா நடப்பது இல்லையாம், பாரம்பரிய நீர்வழி நடைப்பயணமாம். தலைநகரத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார், கூட நாற்பது பேர், எல்லாருக்கும் தொப்பி, பனியன், காட்டுக்குள் துரைக்கால் ஓரமாகவே நடந்து வரலாறு தெரிந்துகொண்டு அணைக்கு வருவார்கள், மறுநாள் காலை பத்தரைக்கு அணையில் பொத்தானை அழுத்தித் தண்ணீர் திறப்பு.

"நான் எங்க சார் நடக்கணும்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"நீ கடைசில வாம்மா. சிறப்பு விருந்தினருக்கு முன்னால யாரும் நடக்கக் கூடாது, அது மரபு. தண்ணி பாட்டில் சாக்கு ஒண்ணு இருக்கு, அதைத் தூக்கிட்டு வந்துரு."

ஆக, முன்னால் சிறப்பு விருந்தினர், அவருக்குப் பின்னால் பதவி வாரியாக நாற்பது பேர், அவர்களுக்குப் பின்னால் நாற்பது பேருக்கும் குடிக்கத் தண்ணீர் பாட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு முப்பிடாதி, அவளுக்குப் பின்னால் தண்ணீர் என்று அந்த ஊர்வலம் ஏழு மணிக்குப் புறப்படவேண்டியது பத்தே முக்காலுக்குப் புறப்பட்டது. சிறப்பு விருந்தினர் ரொம்பத் தன்மையான மனுஷர். மரத்தைப் பார்த்தால் நின்று படம் எடுத்துக்கொண்டார், கல்லைப் பார்த்தால் தடவிப் படம் எடுத்துக்கொண்டார், காலின் கட்டுமானத்தைப் பார்த்து அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சிருக்கான் பாருங்க என்று சொன்னார், நாற்பது பேரும் பார்த்தார்கள். அவர் நிற்கிறபோதெல்லாம் வரிசை நின்றது, வரிசை நின்றதால் முப்பிடாதி நின்றாள், முப்பிடாதி நின்றதால் தண்ணீர் நின்றது. ஒரு தடவை அவர் திரும்பிப் பார்த்து, "அட, தண்ணி நம்ம பின்னாலேயே வருதே" என்று ஆச்சரியப்பட்டார். "உங்க பின்னாலதான் சார் வருது" என்றார் கதிரேசன். அதை நாலு பேர் குறித்துக்கொண்டார்கள்.

மூன்று கிலோமீட்டர் இப்படி வந்து தொட்டிப்பாலத்தை அடைந்தபோது சிறப்பு விருந்தினர் பாரம்பரிய உணர்வோடு குனிந்து தன் காலுறையை விலக்கிப் பார்த்தார். உள்ளே ஏழு அட்டை இருந்தது. ஒரு காலில் ஏழு. மறு காலை யாரும் எண்ணவில்லை, அதற்குள் ஜீப் வந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் போனதும் மற்றவர்கள் நடப்பது மரபில்லை என்று நாற்பது பேருக்கும் தோன்றிவிட்டது, பாலத்துக்குப் பக்கத்து வனச்சாலையில் மூன்று வேன்களும் வரிசையாக வந்து அள்ளிக்கொண்டு போயின, பயணிகள் விடுதியில் மதியச் சாப்பாடு தயாராக இருந்தது.

போகிறபோது கதிரேசன் சொன்னார். "முப்பிடாதி, நீ தண்ணியோட இங்கேயே இரு. நாளைக்கு விடியக்காலைல கிளம்பி வா, ஐயாவை டேமுக்கு நூறு மீட்டர் முன்னால இறக்கி விடுவோம். அவர் முன்னால நடப்பார், நீ கூட்டத்துக்குள்ள மறைஞ்சு பின்னால வா, தண்ணி வரும், வீடியோ எடுக்கணும். அதுவரைக்கும் ஒரு சொட்டு டேமுக்கு வரக் கூடாது."

"ராத்திரி காட்டுக்குள்ளயா சார்? யானை தண்ணிக்கு வருமே."

"அதான் உனக்குப் பழக்கமாச்சே" என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறிக்கொண்டார்.

தொட்டிப்பாலம் என்பது ஒரு பெரிய ஓடைக்கு மேலே துரைக்காலைத் தூக்கிக்கொண்டு போகிற கல்பாலம். காட்டில் அங்கே ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். முப்பிடாதி பாட்டில் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள், தண்ணீர் காலடியில் உட்கார்ந்தது. மாடத்தியிடமிருந்து போன் வந்தது.

"மதினி, தண்ணி கிளம்பிட்டா?"

"கிளம்பி, ஒக்காந்திருக்கு. நாளைக்குப் பத்தரைக்குத்தான் டேமுக்காம்."

"நுனியெல்லாம் மஞ்சளாயிட்டு மதினி. நாளைக்குள்ள நட்டா உண்டு, இல்லேன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்." போனிலேயே அவள் மாட்டை விரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஒரு கூறுகெட்டவ. டேமுக்கு வந்தா மட்டும் நமக்கு வரவா போவுது. நீங்க சாப்டியளா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

முப்பிடாதி தண்ணீரைப் பார்த்தாள். அது சுத்தமாக, கூழாங்கல் தெரிய, அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கிற மாதிரி கிடந்தது. வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து புகைந்தது, நாற்பது பேர் குடிக்காமல் விட்டுப்போன பாட்டில் சாக்கைப் பார்த்ததும் அது பற்றிக்கொண்டது. இருபத்தேழும் ஒன்பதும் முப்பத்தாறு வருஷம் ஒரு வீடு தண்ணீருக்கு முன்னால் நடந்திருக்கிறது, அந்த வீட்டு நாற்று காய்கிறது, ஒருத்தர் அட்டைக்கடிக்கு மருந்து போட்டுத் தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டுமாம்.

"எந்திரி. நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

தண்ணீர் எழுந்திருந்தது. தொட்டிப்பாலத்தைத் தாண்டினாள், ஈத்தை மூங்கில் காட்டைத் தாண்டினாள், முதல் ஓடை வந்து சேர்ந்தது, அந்தத் தண்ணீரும் பின்னால் வந்தது, இரண்டாம் ஓடையும் மூன்றாம் ஓடையும் வந்து ஏன் எதற்கு என்று கேட்காமல் சேர்ந்துகொண்டன, நாலாம் ஓடை சேர்ந்தபோது பின்னால் இரைச்சல் பலமாக இருந்தது, அவள் கம்பால் சருகைத் தள்ளித் தள்ளி நடந்து, மூன்று மணிக்கெல்லாம் அணைக்கரைக்கு வந்து நின்றாள். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் எழுதின கல் வெயிலில் கிடந்தது. உட்காரலாம் என்று காலே சொன்னது, அவ்வளவு வலி.

அவள் உட்காரவில்லை. கல்லைத் தாண்டிக் காய்ந்த அணைக்குள் இறங்கி, விரிசல் விட்ட வண்டலில் நேராக நடந்து, மறுகோடியில் கால்வாய்க்குத் திறக்கிற ஷட்டருக்குப் போனாள். சிறப்பு விருந்தினருக்காகப் புது பெயின்ட் அடித்து, தரையில் ஒட்டிக்கொள்ளாமல் காயட்டும் என்று அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"யக்கா, பெயின்ட் ஈரமா இருக்கு, தொட்டுராதீங்க" என்றான் பெயின்டர்.

"தொடல" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி குனிந்து அந்தப் பக்கம் போனாள். தண்ணீரும் ஷட்டரில் ஒரு சொட்டுப் படாமல் குனிந்து போனது. பெயின்டர் ஏணியில் கொஞ்சம் மேலே ஏறி நின்றுகொண்டான்.

முதல் மடையில் சங்கரபாண்டியனுக்குச் செய்தி எட்டிவிட்டது. அவர் மடைப்பலகையை முழுசாகத் தூக்கிவைத்து, வயலுக்கு வழி வெட்டி, இலை போட்டு விருந்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். முப்பிடாதி கடந்து போனாள். தண்ணீர் மடையைக் கடந்து போனது, உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏளா முப்பிடாதி, முதல் மடைக்குத்தான் முதல் தண்ணி. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. தண்ணிக்குத்தான் தெரியல. நீங்க சொல்லிப் பாருங்க."

அவர் கால்வாய்க் கரையில் குந்தித் தண்ணீரிடம் சொல்லிப் பார்த்தார். தாத்தா காலத்துப் பத்திரம், சங்கத் தீர்மானம், போன வருஷம் கோயில் கொடைக்குத் தான் செய்தது என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டி அவளை முந்தி ஓடி, கால்வாய்க்குள் இறங்கிக் கையை விரித்து வழிமறித்தார்.

முப்பிடாதி நின்றாள். தண்ணீர் அவள் குதிகாலில் வந்து நின்றது.

"நீங்க பெரியவுக, நான் தள்ளிவிட முடியாது" என்றாள். "நான் இப்படியே திரும்பிக் காட்டுக்குள்ள நடந்தேன்னு வைங்க, இதுவும் கூடவே திரும்பி வந்துரும். தடுப்பணையில போய் நான் ஒக்காந்துட்டா இந்த வருஷம் யாருக்கும் கிடையாது. திரும்பவா?"

சங்கரபாண்டியன் அவளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தன் நாற்றங்காலைப் பார்த்தார். ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கினவர், வழுக்கும், பார்த்துப் போ என்றும் சொன்னார். அதையும் சொல்லவேண்டும்.

இரண்டாம் மடை, மூன்றாம் மடை, நாலாம் மடை. ஏழாம் மடை தாண்டி, தண்ணீர் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஊர்களுக்குள் அது போனது, எட்டாம் மடையில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினார்கள், ஒன்பதாம் மடையில் கால்வாய்க்குள்ளேயே கட்டியிருந்த மாட்டுக்கொட்டிலை நாலு பேர் கூடி அப்படியே தூக்கிக் கரையில் வைத்தார்கள், பொழுது அடைகிற நேரத்துக்கு முப்பிடாதி பதினோராம் மடையில் தன் அரை ஏக்கர் வரப்பில் கால் வைத்தாள். வைத்ததும் உட்கார்ந்தாள். தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு, சுடலையாண்டியின் வயலுக்குள் மெதுவாக இறங்கி, வெடித்துக் கிடந்த மண்ணில் ஒவ்வொரு வெடிப்பாகப் புகுந்தது. மண் குடிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது, சத்தமாக அழுதாள், ஒன்பது வருஷத்து அழுகை. மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு தொட்டு எடுத்தாள். பதினெட்டு இருந்தது. ஜீப் ஒன்றும் வரவில்லை.

கதிரேசன்தான் மோட்டார் சைக்கிளில் வந்தார், முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா பண்ணிட்டே. டேமுல கணுக்காலுக்குக்கூட நிக்கல, எல்லாம் இங்க ஓடி வருது. நாளைக்குப் பத்தரைக்கு நான் எதைத் திறக்க? எந்திரிச்சு வா, தண்ணியைக் கூட்டிட்டு வா, ஒரு நாளைக்குத்தானே."

"மணி ஆறு தாண்டிட்டு சார்" என்றாள் முப்பிடாதி, எழுந்திருக்காமல். "என் டூட்டி முடிஞ்சிட்டு. எல்லையும் அந்தக் கல்லோட முடிஞ்சிட்டு. இது எங்க ஊரு."

அவர் தண்ணீரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொறியாளராகப் படித்தவர் என்பதால் சொல்லவில்லை.

மறுநாள் விடியக்காலை முதலே கீழப்பொத்தையில் நடவு நடந்தது. அணையில் பத்தரைக்குச் சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார், ஏற்கனவே தூக்கியிருந்த ஷட்டர் இன்னும் நாலு விரல் உயர்ந்தது, அதற்குக் கீழே முந்தின நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்த தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், அவர் பேர் போட்ட கல்லும் திறக்கப்பட்டது. அந்த வருஷம் தண்ணீர் கடைமடையில் முதலில் நிறைந்து, அங்கிருந்து பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னோக்கி ஏறிப் போய் நாலாம் நாள் முதல் மடைக்கு வந்தது. சங்கரபாண்டியனின் நாற்று ஒன்றும் செத்துவிடவில்லை. மூன்று நாள் கால்வாயையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு மாசம் கழித்து முப்பிடாதிக்குக் குறிப்பாணை வந்தது. எல்லைக் கல்லுக்கு அப்பால், யாருடைய உத்தரவின் பேரில் தண்ணீரைக் கீழப்பொத்தைக்குக் கொண்டுசென்றீர் என்பதற்கு ஏழு நாளைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். முப்பிடாதி அதை மாடத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள், பச்சை பிடித்து நிற்கிற வயலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள், பிறகு சொல்லச் சொல்ல மாடத்தி எழுதினாள்.

"ஐயா, நான் தண்ணீரை எங்கும் கொண்டுபோகவில்லை. வேலை முடிந்ததும் என் வீட்டுக்குப் போனேன். அதற்கும் அங்கே வரவேண்டும் என்று இருந்திருக்கிறது."